ஐஸ்காரரின் கை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவரை ஐஸ்காரர் என்றுதான் கூப்பிடுவோம். கோபுரத்தில் மின்கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர்மேல் பனி உறைந்தால், மின்சாரம் அந்தப் பனி வழியாகப் பாய்ந்து லைனையே படுக்க வைத்துவிடும். எவ்வளவு வோல்ட் வரை தாங்கும் என்று சோதிக்க, குளிர் அறையில் தண்ணீர் தெளித்துப் பனி வளர்ப்பது இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை. "கரண்டுக்கே ஐஸ் வைக்கிறாரு, எனக்கு ஒரு நாளும் வெச்சதில்ல" என்பார் அவர் மனைவி.

அந்தத் தண்ணீரில் உப்பு சரியாக இருக்க வேண்டும். இருபது டிகிரிக்கு ஆறவிட்டு, தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று காட்டும் மீட்டரைப் பார்த்து உப்புப் போடுவார்கள். தண்ணீர் சூடாக இருந்தால் மீட்டர் கூட்டிக் காட்டும்; உப்பு குறைந்துபோகும்; இன்சுலேட்டர் இல்லாத பலத்தைக் காட்டும். மற்றவர்கள் தெர்மாமீட்டரைத் தேடுவார்கள். இவர் கையை விட்டுப் பார்த்து "இருபது" என்பார். ஒருமுறை சோதித்துப் பார்த்து மூக்குடைபட்டோம். அதோடு சோதிப்பதை விட்டுவிட்டோம்.

மலை லைனுக்கான இன்சுலேட்டரை எங்கள் தலைமை விஞ்ஞானி டாக்டரம்மா சோதித்த வாரம் ஐஸ்காரருக்குக் காய்ச்சல். அறிக்கை அவசரம் என்று லீவு போடாமல் வந்தார். இன்சுலேட்டர் தேறியது. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

காய்ச்சல் விட்ட காலையில் அவர் நேராக என்னிடம் வந்தார்.

"குளிக்கப் போனா தண்ணி வெதுவெதுன்னு இருக்கு. வீட்ல கேட்டா, 'நாலு நாளா இதே தண்ணிதான், நீங்கதான் ஜில்லுன்னு இருக்குன்னு நடுங்கினீங்க'ங்கறா. இங்க தொட்டியில மிச்சமிருந்த தண்ணியை ஆறவெச்சு அளந்தேன். உப்பு பத்தல."

"விடுங்கண்ணே, தாங்கிடுச்சில்ல" என்றேன். அப்படிச் சொன்னதற்கு இன்றும் கூசுகிறது.

"மலையில என் கையைக் கேட்டா பனி பெய்யும்?" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அறைக்குப் போனார்.

டாக்டரம்மா திட்டவில்லை. அறிக்கையைத் திரும்பப் பெற்று, மறுசோதனைக்கு நாள் குறித்தார்.

மறுசோதனை அன்று, பழைய முடிவே வரட்டும் என்று கண்ணாடிக்குப் பின்னால் நின்று வேண்டிக்கொண்டேன். அவரும் வேண்டியிருப்பார். பனி உருகிக் கசியத் தொடங்கியதும் ஊதாப் பொறிகள் நெளிந்தன. தாங்க வேண்டிய அளவுக்கு வெகு முன்பே மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளை வெளிச்சம், கூடம் அதிர்ந்தது. ஐஸ்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க சொல்லலைன்னா இது மலையில நடந்திருக்கும், அண்ணே" என்றார் டாக்டரம்மா. அதை மனதாரத்தான் சொன்னார்.

மறுநாள் அடுத்த இன்சுலேட்டர். ஐஸ்காரர் வழக்கம்போல சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிக்குப் போனார். டாக்டரம்மா ஏற்கெனவே அங்கே தெர்மாமீட்டரோடு நின்றிருந்தார். "ஒரு நிமிஷம், அண்ணே. நான் பாத்துடறேன்" என்றார், மிக மரியாதையாக.

அவர் மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டு, வழிவிட்டு நின்றார்.