வளைக்குள் வராதவர்

தாராவியில் தோல் காயப்போடும் மைதானத்துக்குக் காவலாளி அவர். ஒல்லியான உடம்பு, எதையோ கேட்டுக்கொண்டிருப்பது போல எப்போதும் சாய்ந்த தலை. கதவுள்ள எந்த இடத்துக்குள்ளும் அவர் நுழைந்து நான் பார்த்ததில்லை. கோலி என்று அங்கே சொல்லும் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு வந்தாலும் வாசலில் நின்றேதான் டீ குடிப்பார்.

வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம், பம்பாயில் கலவரம். ஒரு மத்தியானம் மாஹிம் பக்கமிருந்து கூச்சல் கிளம்பியது. எல்லோரும் கோலிகளுக்குள் ஓடினோம். அவர் மட்டும் மைதானத்துப் புல்லில் நின்றார்.

"உள்ள வாங்க அண்ணாச்சி!" என்று கத்தினேன்.

"நான் வரல தம்பி. ஊர்ல வயக்காட்டு எலி புடிச்சவன் நான். வளைதான் கோட்டைன்னு எலி உள்ள கெடக்கும். நாங்க வளை வாயில புகையப் போட்டு மூடிருவோம். முயலுக்கு வளையே கெடையாது, பாத்துக்கிடுங்க. புல்லோட புல்லா அசையாமக் கெடக்கும்."

"யாராவது மிதிச்சிட்டா?"

"எந்திச்சு ஓடும். ஓட வழி இருக்குல்லா."

கதவைச் சாத்தினேன். வெளியே பல கால்கள் ஓடின. பிறகு கதவிடுக்கில் புகை வந்தது. இருமல் கேட்டுவிடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தோம். எரிந்தது அடுத்த வரிசைக் கோலிகள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

சத்தம் அடங்கியதும் மைதானத்துக்குப் போனேன். ஓரிடத்தில் புல் ஆள் நீளத்துக்கு அமுங்கியிருந்தது. தொட்டால் சூடு, வெயிலின் சூடா, அவருடையதா, தெரியவில்லை. ரத்தம் இல்லை. அவரும் இல்லை. அதற்குப் பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை.

இப்போது செம்பூரில் என் வீட்டுக் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். இரண்டையும் போட்டுவிட்டு, புகை வருகிறதா என்று ஒரு தடவை முகர்ந்து பார்த்துக்கொள்கிறேன்.