பாவம் போடும் தொட்டி

பாபநாசத்திலிருந்து சற்றுக் கீழே, தாமிரபரணிக் கரையில் எங்களுக்கு ஆறு அறைகள் கொண்ட ஒரு லாட்ஜ் இருக்கிறது. எல்லா அறையிலிருந்தும் நதி தெரியும் என்று வாசலில் பலகை வைத்திருக்கிறோம். நான்கிலிருந்து தெரியும்.

வருகிறவர்கள் யாரும் நதியைப் பார்க்க வருவதில்லை. குளித்துப் பாவத்தைத் தொலைக்க வருகிறார்கள். முழுக்குப் போட்டு, உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும். வீட்டில் யாராவது இறந்திருந்தால் அவர்களுடைய துணியையும் கொண்டுவந்து விடுவார்கள். திரும்பிப் பார்க்காததால் பின்னால் நடப்பது அவர்களுக்குத் தெரியாது. துணி எங்கும் போகாது. பத்தடி தள்ளிப் பாறையில் சிக்கிக்கொண்டு, அடுத்து முழுக்குப் போடுகிறவரின் காலைச் சுற்றும். வெயில் காலத்தில் தண்ணீர் இறங்கினால் பாறையெல்லாம் சேலை கட்டி நிற்கும். வாரம் ஒருமுறை நானே இறங்கி இழுத்துப் போடுவேன். எத்தனை பேரின் பாவம் என் கையில் பட்டிருக்கிறது என்பதற்குக் கணக்கில்லை.

சென்ற ஆடி அமாவாசைக்கு மறுநாள் ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து எங்கள் படித்துறையில் நின்று பார்த்தார். பிறகு கரையோர லாட்ஜ்காரர்கள் எங்களையெல்லாம் திருநெல்வேலிக்குக் கூப்பிட்டு ஒரு கூட்டம் நடத்தினார். நீடித்த சுற்றுலா வளர்ச்சிக்கான உத்திகள் என்று பேனரில் எழுதியிருந்தது. ஆற்றைக் காப்பாற்ற வந்த எங்கள் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் வைத்திருந்தார்கள். நான் இரண்டு பாட்டில் குடித்தேன்.

பேச்செல்லாம் முடிந்ததும் அதிகாரி என்னைத் தனியே அழைத்தார்.

“அண்ணாச்சி, வர்ற ஆடி அமாவாசைக்கும் ஆத்துல இதே மாதிரி துணி கிடந்தா, உங்க துறையில குளிக்கவே தடை போட்டிருவேன். படியில கேட் வச்சுப் பூட்டியாச்சுன்னா முடிஞ்சுது. மனசுல வச்சுக்கிடுங்க.”

குளிக்க முடியாத துறையில் லாட்ஜ் எதற்கு? நதியைப் பார்க்கவா? வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள்தான் அறைகளைப் பெருக்கி, போர்வை துவைத்து, வருகிறவர்களுக்குச் சோறும் போடுகிறவள். உண்மையில் லாட்ஜ் அவளுடையது, பலகை மட்டும் என்னுடையது. “ஒரு வருசம் கிடக்குல்லா, யோசிப்போம்” என்றாள்.

நான் யோசித்து ஒரு பெரிய தகரப் பெட்டி செய்தேன். பச்சை வண்ணம் அடித்து, ‘ஆடைகளை இங்கே இடவும்’ என்று எழுதிப் படியின் ஓரத்தில் வைத்தேன். ஒரு மாதத்தில் அதற்குள் டீ கப்பும், வாழையிலையும், கோபித்துக்கொண்டு யாரோ போட்ட ஒற்றைச் செருப்பும் சேர்ந்தன. துணி வழக்கம்போல ஆற்றில்தான் போனது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவரிடம் பெட்டியைக் காட்டினேன்.

“பாவத்தப் பெட்டிக்குள்ள வச்சா அது அங்கனயேதான கிடக்கும்வே” என்று சொல்லிவிட்டு, வேட்டியை ஆற்றில் விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவர் சொன்னதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. இதை வீட்டில் சொன்னபோது மனைவி சிரித்தாள்.

“எவன் தகரத்துல பாவத்தப் போடுவான்? தண்ணி வேணும்லா. அந்தத் தண்ணிய மேல கொண்டுவாங்களேன்.”

அப்படித்தான் தொட்டி வந்தது. கிணற்றுக்கு இறக்குகிற சிமெண்டு உறை இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஆற்றிலிருந்து மோட்டாரில் தண்ணீர் ஏற்றி, ஒரு பக்கம் விழுந்து மறுபக்கம் வலை வைத்த குழாய் வழியாக ஆற்றுக்கே திரும்பும்படி செய்தோம். துறையில் தர்ப்பணம் செய்துவைக்கிற ஐயர் இரண்டு நாள் பக்கத்தில் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, விரலை விட்டுப் பார்த்தார்.

“ஓடறதா?”

“ஓடுது சாமி.”

“ஓடற ஜலம்னா சரிதான்.”

அவ்வளவுதான். அன்றைக்கே இரண்டு வேட்டி விழுந்தது. ஐயர் கையைக் காட்டினால் போதும், ஜனங்கள் வரிசையில் நின்று போட்டார்கள். ஆற்றின் அருகில் நின்றுகொண்டு ஆற்றைத் தொட்டியில் கொடுத்தால் வாங்கிக்கொள்கிற மனிதர்களை எனக்கு அன்றுதான் பிடித்துப்போனது. அவ்வப்போது ஒரு சிலர் ஆற்றிலும் விடத்தான் செய்தார்கள். நான் கத்துவேன், அவர்கள்தான் திரும்பிப் பார்ப்பதில்லையே.

இந்த ஆடி அமாவாசை வந்தது. விடிந்து கொஞ்ச நேரத்தில் அதிகாரி வந்துவிட்டார். ஜீப் இல்லை. வேட்டி கட்டியிருந்தார், தலை மழித்து முடி கொஞ்சமாக வளர்ந்திருந்தது, கையில் மஞ்சள் பை. சித்திரையில் அவருடைய அம்மா தவறிப்போனார் என்று ஐயர் என் காதில் சொன்னார். தர்ப்பணம் முடித்து, அதிகாரி பையோடு தொட்டிக்கு வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். யாரோ விட்ட லுங்கியும், ஒரு நைட்டியும், ஒரு பனியனும் சுற்றிக்கொண்டிருந்தன. பிறகு படியிறங்கிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பையில் இருந்ததை ஆற்றில் விட்டார்.

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. ‘இனி எந்த வாயால் தடை போடுவார்?’ என்றுதான் நினைத்தேன். உள்ளே போய் மனைவியிடம் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. “பாவம், அவுக அம்மால்லா” என்றாள்.

திரும்பி வந்தபோது அவர் படியிலேயே உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“அண்ணாச்சி, அத எடுத்துட்டு வர முடியுமா?”

யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயப்படுகிறார் என நினைத்தேன். “நான் வெளிய சொல்ல மாட்டேன் சார்.”

“அதுக்கில்ல. எங்கிட்ட அம்மாவோடது வேற ஒண்ணும் இல்ல. அந்த ஒரு சேலைதான் இருந்துது.”

விட்டதைத் திரும்ப எடுக்கக் கூடாது என்றார் ஐயர். நான் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினேன். பாறை இடுக்கு எனக்குப் பழக்கம். மூன்று சேலைகள் கிடைத்தன. மூன்றும் வயதானவர்கள் கட்டுகிற நூல் சேலை, மூன்றும் அன்றைக்கு விட்டவை. ஒன்று அரக்கு, ஒன்று பாசிப்பச்சை, ஒன்று சாம்பல் நிறத்தில் சின்னக் கட்டம். படியில் வரிசையாகப் போட்டேன்.

“இதுல எது சார்?”

அவர் குனிந்து பார்த்தார். அரக்கைத் தொட்டார், பச்சையைத் தொட்டார். கட்டத்தை விரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் அரக்குக்கு வந்தார்.

“வீட்டுல மடிச்சுப் பேப்பர் சுத்திக் குடுத்தா. நான் பிரிச்சுப் பாக்கல. தண்ணிக்குள்ள வச்சுத்தான் பேப்பர உருவினேன், கண்ண மூடிக்கிட்டு.”

போனை எடுத்து யாரையோ அழைத்தார். “யக்கா, அம்மாவோட அந்தச் சேல என்ன கலரு?” என்றார். பக்கத்தில் நின்ற எனக்கு அந்தப் பக்கத்துக் குரல் நன்றாகக் கேட்டது.

“என்னல இப்படிக் கேக்க? போன பொங்கலுக்கு நீதான எடுத்துக் குடுத்தே?”

“ஆமாக்கா” என்று சொல்லி போனை வைத்தார். மேற்கொண்டு அவர் கேட்கவில்லை. நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். பிறகு மூன்றையும் பிழிந்து மடித்து அவருடைய பையில் வைத்தேன். அவர் பையை வாங்கிக்கொண்டு படியேறினார்.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. துறை திறந்தே இருக்கும், மற்ற துறைகளிலும் இதேபோல் தொட்டி வைக்கலாம் என்று எழுதியிருந்தார். மனைவி அதை இரண்டு முறை வாசித்துவிட்டு அலமாரியில் வைத்தாள். லாட்ஜ் பிழைத்தது. நான் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும்.

என் அம்மா போய் எட்டு வருஷம் ஆகிறது. அவள் சேலையையும் நான் இதே துறையில்தான் விட்டேன். என்ன நிறம் என்று இந்த அமாவாசையிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். மனைவியைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவாள். இன்னும் கேட்கவில்லை.