மனக்கணக்கு எந்த மொழியில்?

1. விலகல் விண்ணப்பம்

மைசூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் பெல்லோஷிப் சீட்டில் இருந்து ரிட்டயர் ஆனவள் நான். எந்த மாணவருக்கு எங்கே உதவித்தொகை கிடைக்கும் என்று தேடித் தருவது வேலை. அதற்கு அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிற புத்தி வேண்டும். எனக்கு அது ஏராளம்.

நான் வேலையில் இருந்தபோது ஒருநாள் கோகிலா விலகல் விண்ணப்பத்தோடு வந்தாள். கொள்ளேகால் பெண், மொழியியலில் பிஎச்.டி.

"கைடோட புராஜெக்ட் முடிஞ்சு போச்சுங் மேடம். ஸ்டைபண்டும் நின்னுருச்சு. ஹெப்பாள்ல ஒரு கம்பெனில அப்பா வேலை சொல்லி வெச்சிருக்காருங். அடுத்த மாசம் சேரோணும்."

"உனக்கு விட இஷ்டமா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரி, எதைப் பத்தி ரிசர்ச்?"

"எங்கூர்ல தமிழ் வீட்டுப் பசங்க கன்னட ஸ்கூல்ல படிக்கறாங்க. பேசறது தமிழ்ல, மனக்கணக்கு மட்டும் கன்னடத்துல. அது ஏன்னு பாக்கறனுங். நீங்களே போட்டுப் பாருங், பதினேழும் எட்டும்?"

"இப்பத்தைது" என்றேன். அட! கன்னட இருபத்தைந்தல்லவா வந்தது! வீட்டில் தமிழ், ஜெபமும் தமிழ்தான். இத்தனை வயதுக்கு இதை நான் கவனித்ததே இல்லை. எனக்கே ஏனென்று தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. விண்ணப்பத்தை டிராயரில் போட்டேன். "கொஞ்ச நாள் இது இங்கயே கிடக்கட்டும்" என்றேன்.

2. நன்றியுரை வாசிப்பு

மொழி என்ற தலைப்பில் உதவித்தொகைகளைத் தேடினேன். ஒன்றுக்குக் கடைசித் தேதி போய்விட்டது, இன்னொன்றுக்கு அவள் வயது தாண்டிவிட்டது. கடைசியில் என் வழக்கமான வழிக்கு வந்தேன். லைப்ரரிக்குப் போய் தீசிஸ்களின் நன்றியுரைகளை மட்டும் படிப்பேன். யார் பணம் கொடுத்தார்கள் என்பதை அங்கேதான் சொல்வார்கள். விளம்பரமே செய்யாத அறக்கட்டளைகள் அங்கே அகப்படும்.

"என்ன மேடம், பாயசத்தை விட்டுட்டு முந்திரிய மட்டும் பொறுக்கறீங்க?" என்று லைப்ரேரியன் கிண்டலடிப்பார். அடித்துவிட்டுப் போகட்டும்.

குழந்தைகள் வகுத்தல் கணக்குப் போடுவதைப் பற்றிய ஒரு தீசிஸில் சின்ன அறக்கட்டளை ஒன்று கிடைத்தது. கணிதக் கல்வி ஆய்வாளர்களுக்கு மட்டும் என்று விதி. விடுவேனா? போன் போட்டேன்.

"மொழியியல் பொண்ணு அப்ளை பண்ணலாமா?"

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே! அனுப்பச் சொல்லுங்க, பார்க்கலாம்" என்றார் அங்கே போனை எடுத்த அம்மாள்.

3. இன்டர்வியூ

கோகிலா எழுதிக்கொண்டு வந்த விண்ணப்பத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அப்பாவின் தறிக்கூலி, வீட்டுக் கடன், ஒழுகுகிற கூரை! ஸ்காலர்ஷிப்புக்கு எழுதி எழுதிப் பழகிய கை. எல்லா மாணவர்களும் செய்கிற தப்புதான் இது.

"உன் கஷ்டம் நிஜம்தான்டி. ஆனா இவங்க வருமானச் சான்றிதழா கேட்டாங்க? உன் கேள்வி எங்கே?"

உட்கார்ந்து முழுவதையும் மாற்றி எழுதினாள்.

வீடியோ இன்டர்வியூ என் அறையிலேயே நடந்தது. நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். குழுவில் ஒருவர் இங்கிலீஷில் மடக்கினார்: எந்த மொழியில் எண்ணினாலும் ஒன்றுதான் என்று முடிவு வந்தால், எங்கள் பணம் வீண்தானே?

அவள் அசரவில்லை. "வீணாகாது சார். எங்க ஊர்ல தமிழ்ல எண்ணினா ஸ்கூல்ல திட்டு, கன்னடத்துல எண்ணினா வீட்டுல திட்டு. ரெண்டும் ஒண்ணுதான்னு தெரிஞ்சா, திட்டாவது நிக்கும்" என்று இங்கிலீஷிலேயே சொன்னாள். கேட்டவர் சிரித்துவிட்டார்.

பெல்லோஷிப் கிடைத்தது. இந்த சீட்டுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விதியைப் படித்ததோடு நிற்காதீர்கள், போன் போட்டுக் கேளுங்கள்.

சில நாள் கழித்து கோகிலாவின் அப்பா போனில் வந்தார். சொல்லி வைத்த வேலையைக் கெடுத்தவள் நான். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றுதான் எடுத்தேன்.

"ஏனுங் மேடம், எந்த மொழியில எண்ணறாங்கன்னு பாக்கறதுக்கா காசு குடுக்கறாங்க?"

"ஆமாங்க."

பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

"காலைல இருந்து இழை எண்ணறப்பல்லாம் கவனிச்சுப் பாக்கறனுங். கவனிச்சா எண்ணிக்கை தப்பிப் போகுது. நான் எந்த மொழியில எண்ணறேன்னு அவளையே வந்து பாக்கச் சொல்லுங்."