பந்த் அன்று திறந்திருந்த பக்கத்துக் கடை

இட்லி மாவு விற்கிறவனுக்கு உள்ள பெரிய தொல்லை, அரைத்த மாவுக்கு பந்த் என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. அது பாட்டுக்குப் பொங்கும். ஷட்டர் போட்ட கடை வைத்திருக்கிற எல்லாருக்கும் இந்த வயிற்றெரிச்சல் தெரியும். நாக்பூர் பக்கம் தனி மாநிலம் கேட்டு ஒரு கூட்டம் கடையை அடைக்கச் சொல்லும். மாநிலத்தைப் பிரிக்கக் கூடாதென்று இன்னொரு கூட்டம் இங்கே புனேயில் அடைக்கச் சொல்லும். யார் கத்தினாலும், நான் கடை வைத்திருக்கிற போபோடியில் இறங்குவது என் ஷட்டர்தான்.

பாதி ஷட்டர்

முதல் பந்த் அன்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து விற்றேன். எல்லாரும் செய்கிறதுதான். பைக்கில் வந்த பையன்கள் குனிந்து பார்த்து, கட்டையால் தட்டி, முழுசாக இறக்க வைத்தார்கள்.

பக்கத்துக் கடை சந்தோஷ் பாவுவின் மெடிக்கல். மருந்துக்கடைக்கு பந்த் கிடையாதே! மனிதர் கடையை ஆவென்று திறந்துவைத்து ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதாக்குறைக்கு, என் கடையை மூடின பையன்களே அவரிடம் ஜில்லென்று ஜூஸ் வாங்கிக் குடித்தார்கள். இது என்னப்பா நியாயம் என்றேன். ஒருத்தன் பொறுமையாகச் சொன்னான்: "அண்ணா, கோஷம் போட்டா தொண்டை வறளுதுல்ல?"

நானும் மெடிக்கல்

பொறாமை வந்தால் எனக்கு மூளை தனியாக வேலை செய்யும். அடுத்த பந்துக்கு க்ரைப் வாட்டர், பஞ்சு, பிளாஸ்திரி எல்லாம் முன்னால் அடுக்கி, அட்டையில் சிவப்பு பிளஸ் வரைந்து தொங்கவிட்டேன். பின்னால் மாவு வாளி. காய்ச்சல்காரனுக்கு டாக்டரே இட்லிதான் சாப்பிடச் சொல்கிறார், அப்போது இதுவும் மருந்துதானே என்று பையன்களிடம் வாதாடினேன். தலைவன் மாதிரி இருந்தவன் ஷட்டரில் கையை வைத்தபடி கேட்டான்: "சட்னியை ஊசியா போடுவீங்களா, அண்ணா?"

இன்சுலினுக்குப் பக்கத்தில்

அன்றைக்கு வாளி மாவும் புளித்துச் சாக்கடைக்குப் போனது. கொட்டிவிட்டுத் திரும்பினால், சந்தோஷ் பாவு இன்சுலின் வைக்கிற ஃப்ரிட்ஜில் பாக்கெட் மாவு அடுக்கிக்கொண்டிருக்கிறார். அடப்பாவி, மாத்திரை விற்கிறவனுக்கு மாவு எதற்கு? கேட்டேவிட்டேன். துளிக்கூடக் கூச்சமில்லாமல் சொன்னார்: "உங்க கடை மூடியிருக்குன்னு ஜனங்க என்னைத்தான் கேட்கறாங்க, அண்ணா."

செல்வி

அடுத்த ஏரியா கட்கியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருக்கிற செல்வி, கல்யாணமாகி வந்ததிலிருந்து என்னிடம்தான் மாவு வாங்குவாள். அவள் வாங்கினால் அவள் வீட்டு லைன் முழுக்க வாங்கும். என் கடை ஓடுவதே அந்த லைனால்தான். பந்தும் இல்லை ஒன்றும் இல்லை, சாதாரணச் செவ்வாய்க்கிழமை. என் ஷட்டர் முழுசாகத் திறந்திருக்கிறது. செல்வி மெடிக்கலிலிருந்து மாவு பாக்கெட்டோடு இறங்குகிறாள், பின்னாலேயே பக்கத்து வீட்டுக்காரியும். அந்த மாவு அவ்வளவு ருசியா என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்க மாவுதாண்ணே ருசி. ஆனா என்னிக்கு மூடுவீங்கன்னு தெரியலையே, விடிஞ்சா நான் டிபன் கட்டணும்."

மாநிலம் இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறது, என் வாடிக்கைதான் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டது.