அமைச்சின் காத்திருப்பு மண்டபம்

என் அகதி விசாரணை ரொறன்ரோ டவுன்ரவுனில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில் நடந்தது. தட்டைக் கூரை, சாம்பல் நிறச் சுவர், கதிரைகள் நாலும் நாலு விதம். உள்ளே கால் வைத்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படி ஓர் அறைக்குப் படம் கீறியவனைப் பிடித்து நாலு நாள் இதற்குள்ளேயே இருத்த வேண்டும்.

அப்போது எனக்கு அந்தக் கொழுப்பு இருந்தது. எண்ணெய் நாடொன்றில் மூன்று வருடம் படவரைஞராக வேலை பார்த்துவிட்டு வந்தவன் நான். அந்த நாட்டை ஒரு சர்வாதிகாரி ஆண்டான். நாங்கள் கட்டியது, பொலிசையும் சிறைகளையும் கையில் வைத்திருந்த அவனுடைய உள்நாட்டு அமைச்சுக் கட்டடம். பிறகு அங்கே போர் வந்து, என் விசாரணைக்குச் சில வாரங்களுக்கு முன்தான் முடிந்திருந்தது. கட்டடம் குண்டுக்குத் தப்பி நிற்பதைப் பேப்பரில் பார்த்தபோது, சொன்னால் வெட்கக்கேடு, சந்தோசத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்து ஆள். அந்தக் கட்டடத்தைப் பற்றி நான் அளந்ததைக் கேட்டுவிட்டு, உள்ளே போகமுதலே வாசலில் என் காதைக் கடித்திருந்தார்.

“அண்ணை, உந்த மாளிகைப் புளுகெல்லாம் உள்ளுக்கு அவிழ்த்துவிடாதேங்கோ. மேசனுக்குக் கையாளா நிண்டனான் எண்டு மட்டும் சொல்லுங்கோ. அந்தச் சர்வாதிகாரியின்ரை ஆள் எண்டு நினைச்சினமெண்டால் கேஸைத் தூக்கி எறிஞ்சுபோடுவினம்.”

கேஸ் வென்றால்தான் ஊரில் ஷெல்லடிக்கு நடுவே இருந்த மனைவியையும் மகளையும் கூப்பிட முடியும். ஓம், ஓம் என்று தலையாட்டினேன்.

விசாரித்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அங்கே என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். நான் வாய் திறக்கமுதலே, மேசனுக்குக் கையாள் என்று மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். எனக்கு ஆங்கிலம் விளங்கும். கையாளா? நானா? மூன்று வருடம் மேசையில் குனிந்து குனிந்து முதுகைக் கெடுத்தவன்! பொறுக்க முடியவில்லை.

“இல்லை, அமைச்சின்ரை காத்திருப்பு மண்டபத்தைக் கீறினது நான்” என்று ஆங்கிலத்திலேயே போட்டுடைத்தேன். மொழிபெயர்ப்பாளர் தலையில் கைவைக்காத குறை.

அந்தப் பெண் ஒரு தாளையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளினார். கீறிக் காட்டுங்கள் என்றார்.

பிறகு என்னைப் பிடிக்க ஆளில்லை. வடக்குச் சுவரில், உயரத்தில் ஒரு வரிசை ஜன்னல்: வெளிச்சம் வரும், வெயில் வராது. கொதிக்கிற மத்தியானத்திலும் அந்த மண்டபம் குளிர்ந்து கிடக்கும். கூரை முழுக்கத் தேவதாரு, ஓர் ஆணி வெளியே தெரியாது. வயதானவர்கள் கையூன்றி எழும்புவதற்காக, உட்காரும் கல் வாங்குகளின் விளிம்பை உருட்டிவிட்டிருந்தேன். படிகளை மட்டும் பதினொரு தடவை மாற்றிக் கீறினேன்; பிள்ளைத்தாச்சியும் மூச்சு வாங்காமல் ஏற வேண்டும். அந்தச் சர்வாதிகாரி எவ்வளவு பொல்லாதவனாகவும் இருக்கட்டும். அப்படி ஒரு மண்டபத்தை நான் இன்றுவரை வேறெங்கும் காணவில்லை.

“நல்ல வடிவு” என்றார் அந்தப் பெண். மனதாரத்தான் சொன்னார். பிறகு என் படத்தில் விரலை ஓட்டினார். “இந்தப் படியால் ஏறி, இங்கே காத்திருந்து, கூப்பிட்டதும் இந்தக் கதவால் உள்ளே போவார்கள். சரியா?”

“ஓம்.”

“எப்படித் திரும்பி வருவார்கள்?”

அதே கதவால் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் அந்தக் கதவு நினைவுக்கு வந்தது. பன்னிரண்டடி உயரக் கதவு, பித்தளைத் தகடு போர்த்தது, தானாகவே சாத்திக்கொள்ளும். மண்டபப் பக்கம் கைபிடி. உள்பக்கம் ஒன்றுமில்லை, மொழுமொழுவென்று கிடக்கும். உள்பக்கத்துக்குக் கைபிடி வேண்டாம் என்று மேலிடத்தில் சொன்னபோது, அதுதான் வடிவு என்று நானும் சந்தோசப்பட்டேன். ஏன் என்று கேட்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

“அதே கதவாலை எண்டு சொல்லுங்கோ அண்ணை,” மொழிபெயர்ப்பாளர் மெதுவாகக் கெஞ்சினார். “மகளை யோசியுங்கோ.”

யோசித்தேன். அவளை மடியில் வைத்துக்கொண்டு, என் மனைவி அந்தக் கல் வாங்கில் காத்திருப்பதுதான் மனதில் வந்தது.

“உள்ளேயிருந்து அந்தக் கதவைத் திறக்க முடியாது” என்று நானே ஆங்கிலத்தில் சொன்னேன். “அப்படிக் கீறிக் கொடுத்தது நான்.”