என் வயிற்று வலிக்கு ஐந்து ‘ஏன்’

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. எது கெட்டுப்போனாலும் ஐந்து முறை ‘ஏன்’ என்று கேட்பார்கள். மெஷின் ஏன் நின்றது? ஃபியூஸ் போனது. ஃபியூஸ் ஏன் போனது? லோடு அதிகம். இப்படியே ஐந்தாவது ‘ஏன்’ வரைக்கும் தோண்டினால் வேர்க் காரணம் கிடைத்துவிடுமாம். அதை ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி, வேலை நடக்கிற லைனுக்கு மேலே இருக்கிற அறிவிப்புப் பலகையில் குத்தி வைப்பார்கள். எங்கள் கம்பெனி இருக்கிற ஒரகடத்தில் முக்கால்வாசி கம்பெனிகளில் இந்தத் தாளைப் பார்க்கலாம். ஒருநாள் எங்கள் பலகையில் என் வயிற்று வலியைக் குத்தி வைத்திருந்தார்கள்.

நான் தென்காசிப் பக்கத்துக்காரி. காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டித் தருகிற கம்பெனியில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். பதின்மூன்று வயதில் வயதுக்கு வந்த நாளிலிருந்து மாதம் மூன்று நாள் எனக்கு நரகம். சும்மா முணுமுணுக்கிற வலி இல்லை. குப்புறப் படுத்து, வாந்தி எடுத்து, கண் இருட்டி விழுகிற வலி. மற்ற நாட்களிலும் உட்கார்ந்தால் வலி, கழிப்பறைக்குப் போனால் வலி. இப்போது இருபத்தேழு முடிந்துவிட்டது. இந்தப் பதினான்கு வருடத்தில் ‘வலிக்கிறது’ என்று நான் சொல்லாத ஆள் கிடையாது. அதை நம்பிய ஆளும் கிடையாது.

அதற்காக எனக்கு ஆதரவு இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஐயையோ, ஆதரவுக்கா பஞ்சம்! ஸ்ரீபெரும்புதூரில் ஒரே அறையில் ஆறு பேர் தங்கியிருந்தோம். நான் நோயாளி, மற்ற ஐந்து பேரும் டாக்டர்கள். ஒருத்தி வெந்தயத்தை முழுங்கச் சொன்னாள். ஒருத்தி மலைவேம்புச் சாறு. ஒருத்தி உளுந்தங்களியைக் கிண்டி என் வாயில் திணித்தாள். ஒருத்தி போனில் வந்த வீடியோவைக் காட்டி, நான் குளிர்ந்த தண்ணீர் குடித்துதான் இந்த நிலைமைக்கு வந்தேன் என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். ஐந்தாவது ஆள் ஒன்றும் சொல்ல மாட்டாள். “எனக்கெல்லாம் வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலை சீவுவாள். அவளைத்தான் எனக்குக் கொலை செய்யத் தோன்றும்.

அம்மாவோ ஊரிலிருந்து போனிலேயே வைத்தியம் பார்ப்பாள். “எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதானட்டி. நீ ஒருத்திதான் ஊரைக் கூட்டுதே. ஒரு கல்யாணம் ஆயி, ஒரு புள்ளையப் பெத்தா எல்லாம் சரியாப் போயிரும்.” கல்யாணம் என்பது மெடிக்கல் ஷாப்பில் அட்டை அட்டையாகக் கிடைக்கிற மாதிரிதான் அம்மா பேசுவாள்.

லைனில் என்னைச் சகித்துக்கொள்ள வேண்டிய ஆள் ஒருத்தி இருந்தாள். எங்கள் லைனில், வயரைப் பரப்பிக் கட்டுகிற பலகைகள் நகர்ந்துகொண்டே இருக்கும். கையை எடுத்தால் அடுத்தவள் மேல் வேலை குவிந்துவிடும். அதனால் யாராவது கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால், அந்த இடத்தில் நிற்பதற்கென்றே ரிலீவர் என்று ஒருத்தர் இருப்பார். எங்கள் ரிலீவர் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கத்து அக்கா. நாற்பது வயதிருக்கும். சிரித்து நான் பார்த்ததில்லை. நான் கையைத் தூக்கினால் போதும், தூரத்திலிருந்தே முனகிக்கொண்டு வருவாள். “இன்னாமே, மறுபடியுமா? நவுரு, நவுரு.” வெந்தயமும் சொல்ல மாட்டாள், வேம்பும் சொல்ல மாட்டாள். அவளுக்கு என்னைக் கண்டாலே ஆகாது என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன். ஒரு மாதத்தில் தொடர்ந்து மூன்று நாள் நான் வேலைக்குப் போகவில்லை. லைன் இரண்டு முறை நின்றதாம். எங்கள் லைன் லீடர் நல்ல பையன், காஞ்சிபுரத்துப் பக்கம். புதுசாகப் பதவி உயர்ந்து, எதைப் பார்த்தாலும் ‘ஏன்’ கேட்டுக்கொண்டிருந்தான். நான் திரும்பி வந்த அன்று, காலை மீட்டிங்கில் எல்லோரையும் நிற்க வைத்துத் தாளை விரித்தான்.

“தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். ஆளைக் குறை சொல்லல. ப்ராசஸைத்தான் பாக்கறோம்” என்றான்.

லைன் ஏன் நின்றது? ஆள் வரவில்லை. ஏன் வரவில்லை? வயிற்று வலி. மூன்றாவது ‘ஏன்’ வந்ததும் பையனுக்குக் காது சிவந்துவிட்டது. ‘பெண்கள் பிரச்சினை’ என்று எறும்பு எழுத்தில் எழுதினான். நான்காவது: எல்லாப் பெண்களும் வருகிறார்கள், இவருக்கு மட்டும் ஏன்? கூட்டம் யோசித்தது. ‘தாங்கும் சக்தி இல்லை’ என்று முடிவானது. ஐந்தாவது: ஏன் தாங்கும் சக்தி இல்லை? அதற்கு ஒருவரும் யோசிக்கவே இல்லை. நாலா பக்கமிருந்தும் ஒரே பதில் வந்தது. என் அறைத்தோழி ஒருத்தியும் அதில் சேர்ந்துகொண்டாள். ‘இன்னும் திருமணம் ஆகவில்லை.’

வேர்க் காரணம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் பையன் மற்ற கட்டங்களையும் நிரப்பினான். நிவாரண நடவடிக்கை: திருமணம். பொறுப்பு: பெற்றோர். “முடிக்கற தேதி இன்னா போடட்டும் சிஸ்டர்?” என்று என்னையே கேட்டான். எனக்கு வந்த எரிச்சலில், “வைகாசின்னு போடுங்கண்ணே. மண்டபம் கெடைச்சா சொல்லுதேன்” என்றேன். சத்தியமாக எழுதினான்.

ரிலீவர் அக்கா பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். “கல்யாணம் பண்ணா வலி பூடும்னா, எனுக்கு ரெண்டு புள்ள கீது, ஒரு மாமியாரும் கீறாங்க. எனுக்கு இன்னா வலி பூட்ச்சி?” பெண்கள் சிரித்தார்கள். பையன், “அக்கா, டாபிக்குக்கு வாங்க” என்றான்.

நான் சிரித்தேனா என்று கேட்டால், சிரித்தேன். அப்புறம் கழிப்பறைக்குப் போய் அழுதேன். இத்தனை பேர் சொல்கிறார்களே, ஒருவேளை நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வலியைவிட அதுதான் அவமானமாக இருந்தது.

அடுத்த வாரம் ஆடிட். எங்களிடம் வயர்க்கட்டு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து வெள்ளைத் தொப்பியோடு ஒரு பெரியவர் வந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண். அவர் பலகையில் இருந்த ஒவ்வொரு தாளாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். என் தாளுக்கும் வந்தார். அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னாள். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அஞ்சாவது காரணம் உண்மைதானான்னு எப்படி செக் பண்ணீங்கன்னு கேக்கறார்” என்றாள் அந்தப் பெண்.

லீடர் பையனுக்கு வேர்த்துக் கொட்டியது. ஒருவரும் செக் பண்ணவில்லையே! பெரியவர் சிவப்புப் பேனாவை எடுத்துத் தாளில் ஒரு வட்டம் போட்டார். ‘வேர்க் காரணம் சரிபார்க்கப்படவில்லை.’ அவ்வளவுதான், ஆபீசே அல்லோலகல்லோலப்பட்டது. சிவப்பு வட்டத்துக்குப் பதில் காட்டி முடிக்காவிட்டால் எல்லோருக்கும் பிரச்சினை. இத்தனை நாள் ஒரே ஒரு வெள்ளை மாத்திரையைக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்த கம்பெனி நர்ஸ், என்னை உட்கார வைத்து டீ கொடுத்தார். பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி வண்டியிலேயே அனுப்பினார்கள்.

பதினான்கு வருடத்தில், என் வலிக்குக் காரணம் என்னவென்று சரிபாருங்கள் என்று சொன்ன முதல் மனிதர் அந்த வெள்ளைத் தொப்பிக்காரர்தான். என் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்தார். இருந்தாலும் அவர் நன்றாக இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. ‘கல்யாணம் ஆகிவிட்டதா’ என்று கேட்கப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர், “எங்கெங்க வலிக்குது, எப்பெப்ப வலிக்குது, எல்லாம் சொல்லும்மா. அவசரமில்ல” என்றார். சொன்னேன். நடுவில் குறுக்கிடவே இல்லை. கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய திசு மாதிரி ஒன்று வெளியே வளர்ந்து, அங்கங்கே ஒட்டிக்கொண்டு, மாதாமாதம் அதுவும் புண்ணாகிற நோய் என்று படம் போட்டுக் காட்டினார். எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயராம். ஸ்கேனில் சூல்பையில் ஒரு கட்டி தெரிந்தது. அதற்குச் சாக்லேட் கட்டி என்று பெயராம். நோய்க்குப் பெயர் வைத்தவன் வீட்டில் பெண்களே இல்லை போலிருக்கிறது.

“சின்னத் துளை போட்டு ஆபரேஷன் பண்ணிடலாம். திரும்பவும் வரலாம், பொய் சொல்ல மாட்டேன். ஆனா இப்ப இருக்கறதுக்கு நல்லா இருப்பே. கூட இருந்து பாத்துக்க ஒரு பொம்பளை ஆள் மட்டும் கண்டிப்பா வரணும்” என்றார்.

ஒரு ஆள். ஒரே ஒரு ஆள். நான் அம்மாவைக் கூப்பிட்டேன்.

“ஆபரேஷனா? வாயைக் கழுவுட்டி! வைகாசியில மாப்பிள்ளை வீட்டுல வாராவ. வயித்துல கத்திய வச்சவளாம்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்? நீயும் போவாத, நானும் வர மாட்டேன்.” ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்பார்கள். அம்மாவுக்கு ஒரே பொய் போதும்: ‘என் மகளுக்கு ஒரு நோவும் இல்லை.’ மீட்டிங்கில் நான் விளையாட்டாகச் சொன்ன வைகாசியை, அது தெரியாமலே அவள் நிஜமாக ஏற்பாடு செய்திருந்தாள்.

அறைத்தோழிகளிடம் சொன்னேன். ஐந்து பேரும் என்னைக் கட்டிக்கொண்டார்கள். “நாங்க இருக்கோம்டி!” என்றார்கள். ஆனால் அந்தத் தேதியில் ஒருத்திக்கு ஷிப்ட், ஒருத்திக்கு ஓ.டி., ஒருத்தி ஊருக்குப் போகிறாள், ஒருத்திக்கு ஆஸ்பத்திரி வாடை ஆகாது. தலை சீவுகிறவள், “எனக்கு ரத்தம்னாலே மயக்கம்” என்றாள். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் இதயமும் கும்பிடுமாக வந்து குவிந்தன. இதயத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வைக்க முடியுமா?

தேதிக்கு நான்கு நாள் முன்னால், ஆபரேஷன் வேண்டாம் என்று போன் செய்து சொல்லிவிடலாமென்று முடிவு செய்துவிட்டேன். அன்றைக்கு லைனில் கையைத் தூக்கினேன். ரிலீவர் அக்கா வந்தாள்.

“எந்தத் தேதிமே?” என்றாள், கண்ணை வயரிலிருந்து எடுக்காமல்.

“என்னக்கா?”

“ஆபரேஷன். ஊரே பேசிக்கினு கீது. நீ எங்கிட்ட மட்டும் சொல்லல.”

சொன்னேன். யாரும் இல்லை என்றும் சொன்னேன். “சரி, போய்க்கினு வா, லைன் ஓடுது” என்றாள். மதியம் பார்த்தால் லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். காரணம் என்ற இடத்தில் ‘தங்கச்சிக்கு ஆபரேஷன்’ என்று எழுதியிருந்தாள். எனக்கு எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. அன்று முழுக்க அவளைப் பார்க்கும்போதெல்லாம் கண் கலங்கியது. அவளோ, “மூஞ்ச தொடச்சிக்கினு வேலையப் பாரு” என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஃபாரம் நிரப்பிய பெண்ணுக்குச் சந்தேகம். “அக்கா தங்கச்சின்றீங்க. பேச்சு வேற வேறயா இருக்கே?”

“அவ அங்க வளந்தா, நான் இங்க வளந்தேன். கையெழுத்து எங்க போடணும்?” என்றாள் அக்கா.

மயக்கம் தெளிந்தபோது அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். “கொடலும் சூல்பையும் ஒட்டிக்கினு இருந்துச்சாம். பிரிச்சி உட்டுட்டாங்களாம். ‘இத்த வச்சிக்கினு இந்தப் பொண்ணு எப்டிமா வேலைக்கி வந்துச்சி’ன்னு கேட்டாங்க” என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். நோய் இருக்கிறது என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் அந்த வார்டில் நான் ஒருத்திதான் இருந்திருப்பேன். நான் பொய் சொல்லவில்லை! இனிமேல் எவளும் என்னிடம் வெந்தயத்தை நீட்ட முடியாது.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். போனை அக்காதான் எடுத்தாள். தான் யார் என்று சொல்லிவிட்டு, டாக்டரம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் அவள் பாஷையில் ஒப்பித்தாள். “ஆமா… ஒட்டிக்கினுதான் இருந்துச்சி… நான் கண்ணால போட்டோ பாத்தேம்மா” என்றாள். பிறகு போனை என் காதில் வைத்தாள்.



“ஏட்டி” என்றாள் அம்மா. “அப்ப நெசமாத்தான் வலிச்சுச்சா?”

“ஆமாம்மா.”

“இத்தன வருசமாவா?”

“ஆமாம்மா.”

அம்மா அழுதாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதாட்டி?”

பதினான்கு வருடமாக அவளுக்கென்று நூறு பதில் சேர்த்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் சாட்டை மாதிரி இருக்கும். ஒன்றுகூட வாயில் வரவில்லை. சிரிப்பு வந்தது, சிரித்தால் தையல் இழுத்தது. அழுதாலும் இழுத்தது.

“இப்ப அழுத்திச் சொல்லுதேன்” என்றேன். “ரொம்ப வலிக்குதும்மா. கெளம்பி வா.”