மணலுக்கு வைத்த காபரேட்டர்

எங்களிடம் ஒரு பழைய பெற்றோல் ஜீப் இருந்தது. என் கணவர் அதில் கோமாரிக் கரையிலிருந்து மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, பாதி தூரம் மணலிலேயே ஓட்டி, கல்முனைக்கு வருவார். மாரி முடிந்து கடல் அடங்கியதும் பொனட்டைத் திறந்துவைத்துக் காபரேட்டரைச் சரிபார்க்கத் தொடங்குவார். ஓட்டுகிற இருக்கையில் நான். எனக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. அவர் "மிதி புள்ள" என்றால் எக்சிலேட்டரை மிதிப்பேன், "விடு" என்றால் விடுவேன்.

காபரேட்டரில் ஒரு சின்ன ஸ்குரூ. அதை உள்ளே முறுக்கினால் பெற்றோல் குறைந்து எஞ்சின் சாதுவாக ஓடும். வெளியே தளர்த்தினால் பெற்றோல் கூடிப் புகை தள்ளும். தார் ரோட்டுக்குச் சாது போதும். மணலில் திடீர் திடீரென்று மிதிக்க வேண்டிவரும். அந்த நேரம் பெற்றோல் போதாவிட்டால் இருமிவிட்டு நின்றுவிடும், சக்கரம் புதைந்துவிடும். அதனால் அவர் எப்போதும் கொஞ்சம் கூட்டியே வைப்பார். கொடியில் காயும் உடுப்பில் கரி படிவதைக் காட்டி அயலவர்கள் ஏசுவார்கள். அவர் சிரித்துக்கொண்டு நிற்பார். வாய் நீளம் எனக்குத்தான், பதில் சொல்வது நான்.

கடல் பொங்கி ஊருக்குள் வந்த அன்று ஜீப் என்னுடன் பிறந்த ராத்தாவின் வீட்டு முற்றத்தில் நின்றது. என் கணவரின் தம்பி ஒரு கல்யாணத்துக்கென்று வாங்கிப்போய், கொழும்பு ரோட்டில் புகை தள்ளினால் மானம் போகும் என்று ஸ்குரூவை முறுக்கிக் கொண்டுவந்து விட்டிருந்தார். ஜீப் இல்லாததால் என் கணவர் லொறியில் தொற்றிக்கொண்டு கோமாரிக்குப் போயிருந்தார்.

அவர் திரும்பி வரவில்லை. வீடும் போயிற்று. ராத்தாவின் அறையில் ஒரு பாயில் கிடந்தேன். சோறு தந்தால் தின்றேன். அழுகை வரவில்லை. எனக்கு இத்தா வைப்பதா இல்லையா என்று பெரியவர்கள் வெளியே கதைப்பது கேட்டது. அவருடைய மையித்து கரையொதுங்கிக் கிடைத்தால் நான் விதவை. மாதக்கணக்கில் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். கிடைக்கும்வரை அவருடைய மனைவி. கிடைக்காமலே இருக்கட்டும் என்றுதான் நான் நினைத்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

திருக்கோவிலுக்கு அப்பால் ஒரு தமிழ்க் கிராமத்தில், கரை ஒதுங்கியவர்களை அடக்கிவிட்டு உடுப்புகளை அடையாளத்துக்கு வைத்திருப்பதாகக் கதை வந்தது. யுத்தம் இன்னும் முடியாத காலம். முஸ்லிம்களான எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் போவது குறைவு. கடல் வந்த பிறகு அந்தப் பயம்கூட யாருக்கும் நினைவில்லை. தம்பி ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். ரோடு உடைந்து கிடந்ததால் மணலில் இறக்கியிருக்கிறார். முதல் மேட்டிலேயே நின்றுவிட்டது. டிரக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள்.

முற்றத்தில் தம்பி காபரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டினார். ஸ்குரூவை இன்னும் முறுக்கியிருப்பார் போலிருக்கிறது, எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடியது. நான் பாயில் கிடந்தபடி கேட்டேன். இது அதே மேட்டில் திரும்பவும் நிற்கும் என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் என் கணவர் நாளைக்கும் மௌத்தாக மாட்டார். கியர் விழும் சத்தம் கேட்டது. அவர் எங்காவது வெயிலில் கிடந்தால் என்ன செய்வது என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது.

எழுந்து போய்க் கதவுச் சேலைக்குப் பின்னால் நின்றேன்.

"தம்பி, இது மணலுக்குச் சரிவராது. ஸ்குரூவ வெளியால எடுங்க."

"புகைக்குமே மச்சி."

"புகைக்கட்டும். நான் மிதிக்கிறன், நீங்க திருப்புங்க."

ராத்தா என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டுப் போய் ஏறினேன். புகை கறுப்பாக வந்தபோது "காணும், விடுங்க" என்றேன்.

அடுத்த நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு திரும்பி வந்தார்கள். எங்கள் ஆண்கள் சாரனுக்கு மேல் கட்டுகிற பச்சை இடுப்புப் பட்டி ஒன்றைத் தம்பி என்னிடம் நீட்டினார். நான் கறுப்பு நூலால் தைத்த இடம் அப்படியே இருந்தது.

"இந்தப் பட்டியக் கண்டுதான் எங்கட ஆள் எண்டு வெளங்கி, எரிக்காம அடக்கியிருக்காங்க மச்சி. ஆனா, தலைய தெற்க வெச்சிட்டாங்க. அவங்கட வழக்கம் அதுதானே. திருப்பி வெக்கணுமா எண்டு அடக்கின மனிசன் கும்பிட்டுக் கேக்கிறார்."

எங்களுக்குத் தலை வடக்கே, முகம் மேற்கே. இத்தனை நாளான பிறகு தோண்ட வேண்டாம் என்று பள்ளிவாசலில் சொல்லிவிட்டார்கள். அன்று மாலையே என்னை இத்தாவில் இருத்தினார்கள்.

யுத்தம் முடிந்த பிறகுதான் நான் அங்கே போனேன். அதே ஜீப், ஓட்டியது தம்பி. ஸ்குரூவை அவர் அதன் பிறகு தொடவேயில்லை. நிறுத்தினால் திரும்பக் கிளம்பாது என்று எஞ்சினை ஓடவிட்டிருந்தார். அடக்கிய மனிதர், வயதான மீன்பிடிகாரர், கபுறுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"தெரியாமச் செஞ்சிட்டன் தங்கச்சி. குறை நினைக்காதீங்க."

"வீட்டிலயும் அவர் தலைமாடு பாத்துப் படுத்த ஆளில்ல அண்ணன்," என்றேன்.

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. சாரனைத் தூக்கிக் கண்ணைத் துடைத்தார். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. தம்பியிடம் எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். சத்தம் அடங்கியதும், அடக்கும்போது என் கணவருடைய முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"கிணறெல்லாம் உப்பாப் போச்சு. இளநி வெட்டித்தான் கழுவினன்," என்றார். "கண்ணுக்குள்ள இருந்த மணல் போகல்ல தங்கச்சி. அதுக்கு இன்னொண்டு வெட்டினன்."